சோம்பலா, சோர்வா, மந்தமா? ஆங்கிலம் எப்படிப் பிரிக்கிறது

இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள். குழந்தை ஓடியாடவில்லை, வழக்கமான கலகலப்பு இல்லை, தோளிலேயே சாய்ந்து கிடக்கிறது. 'ரொம்ப லெத்தார்ஜிக்கா இருக்கான் டாக்டர்' என்கிறார் தாய். அவர் சொல்ல நினைத்தது அசதி. டாக்டர் காதில் விழுவது வேறு. குழந்தை மருத்துவத்தில் 'லெத்தார்ஜிக்' என்றால் கூப்பிட்டாலும் சரியாகக் கண் திறக்காத, அம்மா முகத்தைக்கூட நிலைத்துப் பார்க்காத, சுற்றி நடப்பதில் கவனமே இல்லாத குழந்தை. மூளைக்காய்ச்சலாக இருக்குமோ, ரத்தத்தில் கிருமி பரவியிருக்குமோ என்று டாக்டர் உடனே யோசிக்க வேண்டிய நிலை அது. அதனால் அனுபவமுள்ள டாக்டர் அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ள மாட்டார். எழுப்பினால் எழுந்துகொள்கிறானா, தண்ணீர் கேட்டானா, உங்களைப் பார்த்துச் சிரித்தானா என்று திருப்பிக் கேட்பார்.

மந்தத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் ஐம்பது சொற்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. அகராதியைத் திறந்தால் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் நாமும் அப்படித்தான் மனப்பாடம் செய்தோம். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் அவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்பதே இல்லை. எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்று பிடிபட இரண்டு கேள்விகள் உதவும். முதலாவது, மந்தம் எங்கே இருக்கிறது: உடம்பிலா, மனசிலா, புத்தியிலா? இரண்டாவது, அந்தச் சொல் நிலைமையை மட்டும் சொல்கிறதா, ஆளையும் சேர்த்துக் குறை சொல்கிறதா? இரண்டில் இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது என் கருத்து. அதில் தவறினால் நோயாளியைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவோம். இந்தச் சொற்களின் வரலாறு முழுக்க அது நடந்திருக்கிறது.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். 'லேசி' என்பது நேரடியான குற்றச்சாட்டு. உடம்பில் தெம்பு இருக்கிறது, வேலையும் இருக்கிறது, செய்ய மனமில்லை என்று அர்த்தம். 'ஸ்லாக்' என்பது நம் மெத்தனம். வேலையே செய்யாதவரைவிட, செய்ய வேண்டிய கவனத்தோடு செய்யாதவருக்கு அது பொருந்தும். 'ஐடில்' இரண்டு பக்கமும் போகும். ஆளைப் பார்த்துச் சொன்னால் வசை, யந்திரத்துக்குச் சொன்னால் வெறும் தகவல். மெக்கானிக் கடையில் 'வண்டி ஐடிலிங்ல ஆஃப் ஆகுது' என்று சொல்லும்போது வண்டியை யாரும் திட்டுவதில்லை. 'ஸ்லக்கிஷ்' இன்றைக்கு ஏறக்குறைய முழுக்கத் தகவல் சொல்லாகிவிட்டது: விற்பனை மந்தம், குடல் மந்தம், கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, மதியம் கனமாகச் சாப்பிட்டதில் உடம்பு அசையவில்லை, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். இத்தனைக்கும் அதன் மூலமான 'ஸ்லக்' என்ற சொல் முதலில் சோம்பேறி மனிதனைத்தான் குறித்தது. ஓடில்லாத நத்தைக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது.

'ஸ்லாத்' இவற்றைவிடக் கனமானது. பிறப்பில் அது 'ஸ்லோ'வுடன் ஒரு விகுதி சேர்ந்த சொல். மெதுவாக இருக்கும் தன்மை, அவ்வளவுதான். தலையான பாவங்கள் ஏழில் ஒன்றுக்குப் பெயராக வைக்கப்பட்ட பிறகு அதில் பழி ஏறிவிட்டது. ஆனால் அந்தப் பாவத்துக்குக் கிரேக்கத்தில் முதலில் இருந்த பெயர் 'அகெடியா', நேர்ப்பொருள் அக்கறையின்மை. நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி அதை நண்பகலில் வந்து பிடிக்கும் பேய் என்று விவரித்தார். உச்சி வெயில் நேரம். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. துறவி அறைக்கு வெளியே வந்து யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறார். இருக்கும் இடம் பிடிக்கவில்லை, செய்யும் வேலை பிடிக்கவில்லை, கூட இருப்பவர்களுக்கு அன்பே இல்லை என்று தோன்றுகிறது. வேறெங்காவது போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்று மனம் பிடுங்குகிறது. இதைப் படிக்கும் எவரும் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டார்கள். இன்றைய மனநல மருத்துவர் மனச்சோர்வு இருக்கிறதா என்று விசாரிப்பார். ஓயாமல் அங்குமிங்கும் அலைபவரிடமும் அகெடியா இருக்கலாம், அலைச்சலே அதன் அறிகுறியாகவும் இருக்கலாம். மனசின் சோர்வாகத் தொடங்கிய கருத்து, கைமாறிக் கைமாறி, வேலை செய்யாதவனின் குற்றமாகச் சுருங்கிப்போனது பெரிய இழப்பு.

அதே பாவத்தின் பெயரைத்தான் தென் அமெரிக்க மரங்களில் தொங்கும் விலங்குக்கும் ஐரோப்பியர் வைத்தார்கள். அது தின்னும் இலைகளில் கிடைக்கும் சக்தி மிகக் குறைவு. அதைக் கொண்டு வாழ வேண்டுமென்றால் மெதுவாகத்தான் அசைய வேண்டும். தின்றது செரிக்க வாரக்கணக்கில் ஆகும். மலம் கழிக்க ஏறக்குறைய வாரம் ஒருமுறை மட்டும் தரைக்கு இறங்கும். மேலே வட்டமிடும் கழுகின் கண்ணில் படாமல் தப்பிப்பதும் அந்த மெதுவான அசைவால்தான். நம் காட்டுக் கரடியும் இதில் மாட்டிக்கொண்டது. 1791இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதன் நீண்ட நகங்களைப் பார்த்து, இதுவும் அந்த மர விலங்கின் இனம்தான் என்று வகைப்படுத்திவிட்டார். தவறு பிறகு திருத்தப்பட்டது. 'ஸ்லாத் பேர்' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. முதுமலையிலும் களக்காட்டிலும் கரையான் புற்றை உடைத்துத் தின்று திரியும் அந்தக் கரடி எவ்வளவு வேகமாக ஓடிவரும், எவ்வளவு மூர்க்கமாகத் தாக்கும் என்று காட்டோரத்து ஜனங்களுக்குத் தெரியும்.

அடுத்தது 'இண்டலென்ட்'. இந்த வரிசையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த சொல் இதுதான். லத்தீனில் 'டோலேரே' என்றால் வலித்தல். முன்னால் எதிர்மறை சேர்ந்து 'வலியில்லாத' என்றானது. மருத்துவர்கள் இன்னும் அந்தப் பொருளை விடவில்லை. வலிக்காமல், சீக்கிரம் ஆறவும் செய்யாமல் மாதக்கணக்கில் இருக்கும் புண்ணை இண்டலென்ட் புண் என்பார்கள். நிணநீர்ப் புற்றுநோயில் மெதுவாக வளரும் வகைகளை இண்டலென்ட் லிம்ஃபோமா என்பார்கள். அந்த வகையில் பலருக்கு உடனே மருந்து தொடங்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக்கொண்டே இருப்பதும் முறையான சிகிச்சைதான். வீட்டில் யாருடைய பரிசோதனை அறிக்கையிலாவது இந்தச் சொல் இருந்தால், நோய் அவசரமாகப் பரவும் வகை அல்ல என்று எடுத்துக்கொண்டு மேற்கொண்டு டாக்டரிடம் கேட்கலாம்.

வலியில்லாதது என்ற சொல், சிரமம் எதையும் ஏற்காதவர் என்று திரும்பி, பதினெட்டாம் நூற்றாண்டில் சோம்பேறி என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. காலனி ஆட்சிக்காரர்களுக்கு அது வசதியான சொல்லாக அமைந்துவிட்டது. ஜாவாவில், மலாயாவில், பிலிப்பைன்ஸில் எழுதப்பட்ட குறிப்புகளில் உள்ளூர் மக்களுக்கு வழக்கமாக ஒட்டப்பட்ட அடைமொழி அது. கண் மருத்துவரும் பிலிப்பைன்ஸின் தேசிய நாயகருமான ஹோசே ரிசால் 1890இல் 'லா சொலிடாரிடாட்' இதழில் இதைப் பற்றியே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் அணுகிய விதம் ஒரு மருத்துவர் நோயை அணுகும் விதம். எங்கள் மக்களிடம் சோம்பல் கிடையாது என்று அவர் மறுக்கவில்லை. இருக்கிறது, ஆனால் அது விளைவு, காரணத்தைத் தேடுங்கள் என்றார். கட்டாய வேலை, போர், உழைத்த பலன் உழைத்தவன் கைக்கு வராமல் போவது, படிப்பு மறுக்கப்பட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஸ்பானியர் வருவதற்கு முன்பு அந்தத் தீவுகளில் நடந்த சுறுசுறுப்பான வணிகத்தையும் சான்றாகக் காட்டினார்.

மலாயாவுக்கு வந்தால் இதில் நம் கதையும் இருக்கிறது. தோட்டத்திலும் சுரங்கத்திலும் வெள்ளைக்காரர் சொன்ன கூலிக்கு வேலை செய்ய மலாய் விவசாயிகள் முன்வரவில்லை. தங்கள் வயலையும் மீன்பிடிப்பையும் விட்டுவர அவர்களுக்குக் காரணம் இல்லை. அதற்குக் கிடைத்த பட்டம் இண்டலென்ட். ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட தமிழர்களுக்குக் கிடைத்தது 'டோசைல்', சொன்னபடி கேட்கிறவர்கள். இரண்டு பட்டங்களும் முதலாளியின் தேவையிலிருந்து பிறந்தவை. சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாத்தாஸ் 1977இல் வெளியிட்ட நூல் இந்தச் சோம்பேறிப் பூர்வகுடிக் கட்டுக்கதையை ஆதாரங்களோடு பிரித்துப் போட்டது.

சோம்பல் என்று ஊரே சொன்னது கடைசியில் ஒரு புழுவாக இருந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களைப் பற்றி, உழைக்க மாட்டார்கள், வெளிறிய முகத்தோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று தலைமுறைகளாகக் கேலி பேசினார்கள். 1902இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விலங்கியலாளர் அங்கே கொக்கிப்புழு பரவியிருப்பதை எடுத்துச் சொன்னார். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து உள்ளே போகும் புழு, குடலில் கவ்விக்கொண்டு நாள் முழுக்க ரத்தம் குடிக்கிறது. ரத்தம் வற்றிய மனிதன் எழுந்து எப்படி உழைப்பான்? பத்திரிகைகள் இதற்குச் 'சோம்பேறித்தனத்தின் கிருமி' என்று பெயர் வைத்தன. 1909இல் ராக்ஃபெல்லர் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒரு குழு அமைத்தார். பரிசோதித்த பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்குப் புழு இருந்தது. கொடுத்த மருந்து தைமால், கூடவே பேதிக்கு எப்சம் உப்பு. ஓமத்துக்கு அந்தக் காரமான வாசனையைத் தருவதும் இந்தத் தைமால்தான். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இலங்கைக்கும் வந்தது. அது முதலில் போய் நின்ற இடம் தமிழர்கள் வேலை செய்த தோட்டங்கள்.

இனி பழி குறைவாகவும் உடம்பு அதிகமாகவும் உள்ள சொற்கள். 'லெத்தார்ஜி' என்பதில் இரண்டு கிரேக்கச் சொற்கள் ஒட்டியிருக்கின்றன. 'லேத்தே' என்றால் மறதி. கிரேக்கப் புராணத்தில் செத்தவர்கள் பருகி முன்வாழ்வை மறக்கும் ஆற்றின் பெயரும் அதுதான். 'ஆர்கோஸ்' என்றால் வேலை செய்யாத. 1894இல் ராலே பிரபுவும் வில்லியம் ராம்சேயும் காற்றில் கண்டுபிடித்த வாயு வேறு எதனோடும் சேர மறுத்தபோது, இதே 'ஆர்கோஸ்' சொல்லிலிருந்துதான் அதற்கு 'ஆர்கான்' என்று பெயர் வைத்தார்கள்.

1917இல் வியன்னாவில் கான்ஸ்டான்டின் ஃபான் எகோனோமோ ஒரு புதிய மூளைக்காய்ச்சலை விவரித்து, 'என்செஃபலைட்டிஸ் லெத்தார்ஜிகா' என்று பெயரிட்டார். சாப்பிடும்போதே, பேசும்போதே நோயாளிகள் தூக்கத்தில் விழுந்தார்கள். உலகம் முழுக்கப் பத்தாண்டு போலப் பரவி, அந்த நோய் வந்த மாதிரியே போய்விட்டது. பிழைத்தவர்களில் பலர் பல ஆண்டுகள் கழித்துச் சிலை மாதிரி உறைந்துபோனார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவமனை ஒன்றில் அப்படிப் பல பத்தாண்டுகளாக உறைந்திருந்தவர்களுக்கு 1969இல் ஆலிவர் சாக்ஸ் எல்-டோப்பா மருந்து கொடுத்தார். எழுந்து நடந்தார்கள், பேசினார்கள், பாடினார்கள். மருந்தின் பலன் பலருக்கு நிலைக்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவானது: அத்தனை ஆண்டுகளும் வெளியே அசைவற்றிருந்த பலருக்கு உள்ளே நினைவும் புத்தியும் அணையாமல் இருந்தன. உடம்பு மந்தமானால் மூளையும் மந்தமென்று முடிவுகட்டிவிடும் பழக்கத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சாக்ஸின் 'அவேக்கனிங்ஸ்' புத்தகம் 1973இல் வந்தது. 1990இல் திரைப்படமாகவும் எடுத்தார்கள்.

மருத்துவமனைப் பேச்சில் லெத்தார்ஜிக் என்பது ஒரு படிக்கட்டின் மேல்படி. தூக்கக் கலக்கமாக இருக்கிறார், கூப்பிட்டால் விழிக்கிறார் என்பது அது. அதற்குக் கீழே 'அப்டண்டட்': விழிப்பு இன்னும் மங்கல், பதில் தாமதம், சுற்றுப்புறத்தில் அக்கறை இல்லை. அதற்கும் கீழே 'ஸ்டூப்பர்': பலமாக உலுக்கினாலோ வலி உண்டாக்கினாலோதான் கொஞ்சம் அசைவு, விட்டால் மறுபடி மூழ்கிவிடுவார். கடைசிப் படி 'கோமா', எதற்கும் விழிப்பில்லை. படிகள் தெளிவாக இருப்பதுபோலத் தோன்றினாலும், ஒரு டாக்டரின் ஸ்டூப்பர் இன்னொரு டாக்டருக்கு அப்டண்டட்டாகத் தெரிந்தது. இரவு ஷிஃப்ட் டாக்டர் எழுதிவிட்டுப் போன சொல்லைப் பார்த்துக் காலையில் வருபவரால், நோயாளி தேறியிருக்கிறாரா இறங்கியிருக்கிறாரா என்று தீர்மானிக்க முடியவில்லை. தலையில் அடிபட்டவர்களிடம் அந்தக் குழப்பம் உயிரைப் பறிக்கும். அதனால்தான் 1974இல் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் என்ற இருவர் சொற்களை ஓரமாக வைத்துவிட்டு எண்ணுக்குப் போனார்கள். இன்றைய வடிவில் கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கைகால் அசைவுக்கு 6 வரை. மொத்தம் 15 என்றால் முழு விழிப்பு. ஆகக் குறைந்தது 3. இன்றைக்கு நம் ஊர் விபத்துப் பிரிவுகளிலும் 'ஜிசிஎஸ் எவ்வளவு?' என்ற கேள்வி காதில் விழுகிறதே, அது இதுதான்.

'டார்ப்பர்' என்ற சொல்லுக்குள் ஒரு மீன் இருக்கிறது. மின்சாரம் பாய்ச்சும் திருக்கையை ரோமானியர்கள் 'டார்பெடோ' என்றார்கள். தொட்டவன் கை மரத்துப்போவதால், மரத்துப்போதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வைத்த பெயர். முதல் நூற்றாண்டு ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியுஸ் லார்குஸ், ஓயாத தலைவலிக்கு உயிருள்ள இந்த மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். கடற்படைக் குண்டுக்கு அந்தப் பெயர் வந்தது ரொம்பப் பிற்காலத்தில். இதே மீனுக்குக் கிரேக்கப் பெயர் 'நார்கே'. மயக்க மருந்துகளைக் குறிக்கும் 'நார்கோட்டிக்' அதற்குச் சொந்தம். பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில், சாக்ரடீஸிடம் கேள்விமேல் கேள்வி வாங்கிக் களைத்த மேனோ, நீர் இந்த மீன் மாதிரி, பக்கத்தில் வந்தவர்களை மரக்க வைத்துவிடுகிறீர் என்று குறைபடுகிறான். உடம்பு மரப்பதிலிருந்து புத்தி மரப்பதற்குச் சொல் தாவும் இடம் அங்கேயே தெரிகிறது.

உயிரியலில் டார்ப்பர் என்பது சக்தியைச் சேமிக்கும் ஏற்பாடு. தேன்குடிக்கும் ஹம்மிங் பறவைக்குப் பகலில் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் முறைக்கு மேல் அடிக்கும், உடம்பின் சூடு 40 டிகிரி போல இருக்கும். ராத்திரியும் அதே வேகத்தில் எரித்தால் விடிவதற்குள் செத்துப்போகும். அதனால் இரவில் எல்லாவற்றையும் அடக்கிக்கொள்கிறது. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் ஒரு வகை ஹம்மிங் பறவையின் உடம்புச் சூடு 3 டிகிரி சொச்சம் வரை இறங்கியதை அளந்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். காலையில் உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு பறந்துவிடும். மனிதரைப் பற்றி டார்ப்பர் என்று எழுதும்போதும் இந்தச் சாயல் உண்டு: ஆழமான மந்தம், ஆனால் மீண்டு எழக்கூடியது, பெரும்பாலும் பழி இல்லாதது.

'லாங்குவிட்' என்றால் தளர்ச்சி. இதில் கொஞ்சம் இன்பம் கலந்திருக்கும்; சித்திரை மதியத்தில் கைகால் தளர்ந்து சாய்ந்து கிடப்பதற்கு அது பொருந்தும், காய்ச்சல்காரரின் தளர்ச்சிக்குப் பொருந்தினாலும் இன்று அப்படி அதிகம் எழுதுவதில்லை. 'லிஸ்ட்லெஸ்' நேர் எதிர். பழைய ஆங்கிலத்தில் 'லிஸ்ட்' என்றால் விருப்பம். எதிலும் விருப்பம் செல்லாத நிலை லிஸ்ட்லெஸ். உடம்பு சரியில்லாத குழந்தை பொம்மையை எடுத்துக் கொடுத்தாலும் கையில் வாங்கி அப்படியே கீழே விடுமே, அதற்குப் பொருத்தமான சொல் இது. தொடக்கத்தில் சொன்ன தாய் தேடிய சொல்லும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

'அபதி' ஒரு காலத்தில் பெருமை. ஸ்டோயிக் ஞானிகளுக்கு 'அபதெயா' என்பது கோபதாபங்கள் அசைக்க முடியாத நிலை, அடைய வேண்டிய இலக்கு. இன்றைய ஆங்கிலத்தில் அது எதற்கும் கவலைப்படாத அலட்சியம். ஓட்டுப் போடாதவர்களைத் திட்டத் தலையங்கம் எழுதுபவர்கள் பயன்படுத்துவது. நரம்பியலில் மூன்றாவது பொருள் இருக்கிறது, குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். பார்க்கின்சன், அல்சைமர், பக்கவாதம் போன்றவற்றில் எதையும் தானாகத் தொடங்கும் உந்துதல் மூளையிலேயே குறைந்துபோகும். அப்பா காலையில் பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டார், குளிக்கச் சொன்னால்தான் குளிக்கிறார், பேரன் வந்தாலும் எழுந்து வருவதில்லை. வீட்டில் வேண்டுமென்றே செய்கிறார் என்று சண்டை வரும். மனச்சோர்வு உள்ளவருக்குத் துக்கம் இருக்கும், அழுகை வரும். அபதி மட்டும் உள்ளவரைக் கேட்டால் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார். இரண்டும் சேர்ந்தும் வரலாம். மருந்தும் கவனிப்பும் வேறு வேறு என்பதால் மருத்துவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

புத்தி மந்தத்துக்கு வருவோம். கத்தியை வைத்துப் புத்தியைப் பேசுவது ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒரே மாதிரி. நமக்குக் கூர்மதி, மழுங்கிய புத்தி. அவர்களுக்கு 'டல்', 'அப்டியூஸ்'. இரண்டிலும் பழி வேறுபடுகிறது. டல் என்றால் இயல்பிலேயே கூர்மை இல்லை. அப்டியூஸ் என்று சொல்லும்போது, புரிந்துகொள்ளக் கூடியவர்தான், எதிரே இருப்பதைப் புரிந்துகொள்ள மறுக்கிறார் என்ற எரிச்சல் உள்ளே இருக்கும். மேலே பார்த்த அப்டண்டட் அதே லத்தீன் வேரில் வந்தது. டாக்டர் வாயில் அந்த எரிச்சல் துளியும் இல்லை. 'டென்ஸ்' என்றால் அடர்த்தி, சொல்வது உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. 'டிம்' என்றால் விளக்கு மங்கல்.

'ஸ்லோ' என்பதில் ஆசிரியர்கள் கவனமாக இருக்க வேண்டும். 'ஸ்லோ லேர்னர்' என்று ரிப்போர்ட் கார்டில் எழுதினால் அது நிலைமையைச் சொல்கிறது, ஆனால் வீட்டில் குழந்தை காதில் விழும்போது தீர்ப்பாகிவிடுகிறது. மெதுவாக இருப்பதற்குக் காது சரியாகக் கேட்காதது, பார்வைக் குறை, ரத்தசோகை, தைராய்டு என்று காரணங்கள் வேறாக இருக்கலாம். தைராய்டுக்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1873இல் வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் பேச்சு மெதுவாகி, முகம் உப்பி, மனசும் மந்தமாவதை விவரித்தார். 1891இல் ஜார்ஜ் மர்ரே அப்படிப்பட்ட 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். மந்தம் விலகியது. அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அதே குறைபாட்டுக்குக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை போதும்.

'ஸ்டூப்பிட்' இப்போது வெறும் வசை. பிறந்தபோது அதன் பொருள் திகைத்து நிற்பவர், அதிர்ச்சியில் மரத்துப்போனவர். ஸ்டூப்பர் அதன் உடன்பிறப்பு. வியப்பில் வாயடைக்க வைக்கும் 'ஸ்டுபெண்டஸ்' இன்னொன்று. 'டன்ஸ்' என்ற வசைக்குப் பின்னால் ஒரு மகா அறிவாளி இருக்கிறார்: 1308இல் இறந்த டன்ஸ் ஸ்கோட்டஸ். நுட்பமான தத்துவத்துக்குப் பேர்போனவர். பதினாறாம் நூற்றாண்டில் அவர் வழிவந்தவர்களைப் புதிய கல்வியாளர்கள் பழமைவாதிகள் என்று கேலி செய்தார்கள். குருவின் பெயர் முட்டாளுக்குப் பெயரானது. 1993இல் கத்தோலிக்கத் திருச்சபை அவருக்கு அருளாளர் பட்டத்தை உறுதி செய்தது. அகராதியில் மாற்றம் எதுவும் இல்லை.

இதைவிடக் கொடியது, மருத்துவர்களும் உளவியலாளர்களும் செய்த சொற்களுக்கு நேர்ந்தது. இன்று தெருவில் திட்டப் பயன்படும் 'இடியட்', 'இம்பிசைல்', 'மோரான்' மூன்றும் ஒரு காலத்தில் அதிகாரபூர்வ வகைப்பாடு. பிரிட்டனின் 1913ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டத்தில் முதல் இரண்டும் இருந்தன. மோரான் என்பதை நியூஜெர்சியின் வைன்லாண்ட் பயிற்சிப் பள்ளியில் வேலைபார்த்த ஹென்றி காடர்ட் 1910இல் கிரேக்கத்திலிருந்து எடுத்து உருவாக்கினார். மன வயது 8 முதல் 12 வரை உள்ள பெரியவர்களுக்கு அது. அளவிட முடிகிறது என்ற நம்பிக்கை, அடைத்து வைக்கலாம், பிள்ளை பெறாமல் தடுக்கலாம் என்ற இடத்துக்குப் போனது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அம்மா, அவர், கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையும் மந்தபுத்தி என்று சொல்லித்தான் அந்தத் தீர்ப்பு. கேரி பக்குக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை என்பது பின்னாளில் அவரைச் சந்தித்தவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் கைக்குழந்தை விவியன் பள்ளியில் நன்றாகப் படிக்கும் மாணவர் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் நோயால் இறந்தாள். ஒரு சொல்லை ஒருவர் மேல் எழுதிவிட்டால் அது எவ்வளவு தூரம் போகும் என்று இதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

இந்த மூன்றும் வசையாகிவிட்ட பிறகு, மென்மையாக இருக்கட்டும் என்று 'மெண்டல் ரிடார்டேஷன்' வந்தது. லத்தீனில் 'டார்டுஸ்' என்றால் மெதுவான; பள்ளிக்கூடத்தில் லேட்டாக வந்தால் போடும் 'டார்டி' அதே வேர். அதுவும் சில பத்தாண்டுகளில் வசையானது. 2010இல் ரோசா என்ற சிறுமியின் குடும்பம் முன்னெடுத்த முயற்சியால், அவள் பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றி, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்கினார்கள். இந்தியாவிலும் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அதே சொல், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இல்லை. 'இண்டலெக்சுவல் டிசபிலிட்டி', அறிவுசார் குறைபாடு, என்று மாறியது.

கடைசியாக ஒன்று, 'பிரெயின் ஃபாக்'. மூளையில் மூடுபனி. வழக்கத்தில் இதைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் நோயாளிகள்தான். கீமோதெரபி எடுத்தவர்கள், லூபஸ் உள்ளவர்கள், மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள், கொரோனா வந்துபோனவர்கள் இதைச் சொல்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வார்த்தை வராது. படித்த பத்தியையே திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். அடுப்பை மூட்டிவிட்டு எதற்கு மூட்டினோம் என்று நிற்க வேண்டியிருக்கும். புத்தி குறைந்துவிட்டது என்றும் சொல்லாமல், சோம்பேறி என்ற பழிக்கும் இடம் கொடுக்காமல் இருக்கும் சொல் இது. இது நோயின் பெயர் இல்லை, அறிகுறியின் பெயர். அதனால் டாக்டரிடம் போகும்போது பிரெயின் ஃபாக் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எது எப்போது நடக்கிறது, தூக்கம் எப்படி, என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 என்று எதைப் பரிசோதிக்க வேண்டும் என்று அவரால் சீக்கிரம் தீர்மானிக்க முடியும்.